சர்க்கரையே இல்லாத அப்பாவுக்கு எதற்கு சர்க்கரை மாத்திரை? அதைப் போட்டதும் கிரியேட்டினின் ஏன் ஏறியது?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். அப்பாவுக்கு வயது 62, விவசாயம். இருபது வருடமாக பி.பி. உண்டு, சர்க்கரை இல்லை. கிரியேட்டினின் 1.9 இருந்ததால், ஏற்கெனவே போட்டுவந்த டெல்மிசார்டன் என்ற பி.பி. மாத்திரையோடு டபாக்லிஃப்ளோசின் 10 மி.கி. மாத்திரை ஒன்றையும் சிறுநீரக மருத்துவர் சேர்த்தார். மெடிக்கல் ஷாப்பில், "இது சுகர் மாத்திரையாச்சே, ஐயாவுக்கு சுகர் இருக்கா?" என்று கேட்டுக் குழப்பிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் கிரியேட்டினின் 2.1. மாமா மாத்திரையை நிறுத்திவிட்டு வேர்க் கஷாயம் ஆரம்பிக்கச் சொல்கிறார். நிறுத்தலாமா? கிட்னிக்குப் புதிதாக ஏதாவது மருந்து வந்திருக்கிறதா? இவைதான் உங்கள் கேள்விகள்.

இந்த 2.1-ஐ மட்டும் பார்த்து நிறுத்த வேண்டாம். நான் ஒரு சிறுநீரக மருத்துவர். மாவட்டத் தலைநகர் ஒன்றில் இருபது வருடத்துக்கு மேலாக இதே வேலை. ஆனாலும் அப்பாவை நான் நேரில் பார்க்கவில்லை, அவர் காலில் வீக்கம் உண்டா, நாக்கு வறண்டிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் இந்த ரிப்போர்ட்டைக் காட்டியே ஆகவேண்டும். அவரும் பெரும்பாலும் "எதிர்பார்த்ததுதான்" என்றுதான் சொல்வார். எதிர்பார்த்ததை முன்பே சொல்லியிருந்தால் நீங்கள் இப்படி இரவு பன்னிரண்டு மணிக்கு எழுதிக்கொண்டிருக்க மாட்டீர்கள். அது எங்கள் ஆட்களின் தவறு. ஒரு நாளைக்கு அறுபது பேரைப் பார்க்கும் ஓ.பி.யில் முதலில் விடுபடுவது இந்த இரண்டு வரி விளக்கம்தான்.

கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. வெளியேற்றும் வேகம் குறைந்தால் ரத்தத்தில் தேங்குகிறது. அது நோயல்ல, நோயின் நிழல். நிழலின் நீளத்தை வைத்து ஆளின் உயரத்தைச் சொல்வதில் எத்தனை சிக்கல் உண்டோ அத்தனையும் இதில் உண்டு. உடம்பில் தசை அதிகமுள்ளவருக்குக் கூடும், முதல் நாள் ராத்திரி மட்டன் சாப்பிட்டால் கூடும், மெலிந்த மூதாட்டிக்குப் பாதி சிறுநீரகம் போன பிறகும் 1.1 என்று நல்லபிள்ளையாகக் காட்டும்.

அதனால்தான் வயதையும் பாலினத்தையும் சேர்த்து, ஒரு நிமிடத்துக்கு எத்தனை மில்லி வடிகட்டப்படுகிறது என்று கணக்கிடுகிறோம். ரிப்போர்ட்டில் இ.ஜி.எஃப்.ஆர். என்று போட்டிருக்கும். இப்போது புழக்கத்தில் இருக்கும் 2021-ஆம் வருடச் சூத்திரத்தில் உங்கள் அப்பாவின் எண்களைப் போட்டுப் பார்த்தேன். 1.9 என்றால் சுமார் 39. 2.1 என்றால் சுமார் 35. அதாவது நான்கு புள்ளி இறங்கியிருக்கிறது.

இந்தக் கணக்கில் ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும், ஏனென்றால் வீட்டில் எல்லோரும் கிரியேட்டினினைத் தங்கத்தின் விலை மாதிரி ஏறியது இறங்கியது என்று பார்க்கிறார்கள். இதே 62 வயதுக்காரருக்கு 1.0-லிருந்து 1.4 ஆனால் 85-லிருந்து 57-க்குப் போகிறது. 28 புள்ளி நஷ்டம். 4.0-லிருந்து 4.4 ஆனால் 16-லிருந்து 14. இரண்டு புள்ளிகூட முழுசாக இல்லை. இரண்டுமே 0.4 ஏற்றம்தான். முதலாவதை "கொஞ்சம் பார்டர்தான்" என்று விட்டுவிடுவார்கள், இரண்டாவதுக்கு ஆம்புலன்ஸ் பிடிப்பார்கள். பெரிய திருட்டு நடப்பது 1.0-க்கும் 1.5-க்கும் நடுவில், யாரும் கவனிக்காத நேரத்தில்.

சரி, நான்கு புள்ளி ஏன் இறங்கியது? அப்பா விவசாயி, சொட்டுநீர்க் குழாய் போட்டிருப்பார் அல்லது பார்த்திருப்பார், அதை வைத்தே சொல்கிறேன். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் வடிகட்டிகள். எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு 180 லிட்டர் வடிகட்டுகின்றன. அதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் உடம்பு திரும்ப எடுத்துக்கொண்டு ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே விடுகிறது. இப்போது தோட்டத்தில் பாதிக் குழாய்கள் அடைத்துக்கொண்டன என்று வையுங்கள். மோட்டார் அதே மோட்டார். என்ன ஆகும்? மிச்சமிருக்கும் குழாய்களில் அழுத்தம் ஏறும். கொஞ்ச நாள் தண்ணீர் முன்போலவே போகும், பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒவ்வொரு இணைப்பாகக் கசிய ஆரம்பிக்கும், பிதுங்கும், அடுத்த குழாயும் போகும். போகப் போக மிச்சமிருப்பதன் மேல் இன்னும் சுமை.

சிறுநீரகத்தில் இதைத்தான் பேரி பிரென்னர் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு 1980-களின் தொடக்கத்தில் எலிகளை வைத்துக் காட்டியது. எலியின் சிறுநீரகத்தில் பெரும்பகுதியை எடுத்துவிட்டால், மிச்சமிருக்கும் வடிகட்டிகள் கூடுதல் அழுத்தத்தில் வேலை செய்து, அந்த உழைப்பாலேயே தழும்பேறிச் சாகின்றன. முதலில் எதனால் சிறுநீரகம் கெட்டது என்பது ஒரு கட்டத்துக்கு மேல் முக்கியமில்லாமல் போய்விடுகிறது. சர்க்கரையோ, பி.பி.யோ, கல்லோ, மிச்சத்தை அழிப்பது இந்த அழுத்தம்தான்.

அழுத்தத்தைக் குறைக்க இரண்டு வழி. வெளியேறும் குழாயைக் கொஞ்சம் அகலமாக்கலாம், அல்லது உள்ளே வரும் பக்கத்து கேட் வால்வைக் கொஞ்சம் திருகலாம். டெல்மிசார்டன் செய்வது முதலாவது. அந்தக் குடும்பத்து மருந்துகள் சர்க்கரைச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுகின்றன என்பது 1993-ல் கேப்டோப்ரில், 2001-ல் லோசார்டன், இர்பிசார்டன் ஆய்வுகளில் உறுதியானது. அதன்பின் ஏறக்குறைய இருபது வருடம் எங்கள் துறையில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. நம்பிக்கையோடு ஆரம்பித்த ஆய்வுகள் ஒவ்வொன்றாகத் தோற்றன. நான் படிப்பு முடித்து வந்த காலத்தில் நோயாளியிடம் சொல்ல எங்களிடம் இருந்தது மூன்றே வாக்கியம்: பி.பி.யைக் குறையுங்கள், உப்பைக் குறையுங்கள், டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக் குழாய்களை ஆபரேஷன் செய்து இணைத்து, ஃபிஸ்டுலா போட்டு வையுங்கள்.

இரண்டாவது வழியைத்தான், அந்த கேட் வால்வைத்தான், உங்கள் அப்பாவின் புது மாத்திரை திருகுகிறது. மாமாவுக்கு இது பிடிக்கும்: இந்த மாத்திரையின் பூர்வீகமும் ஒரு வேர்தான். 1835-ல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து ஃப்ளோரிசின் என்ற கசப்பான பொருளைப் பிரித்தெடுத்தார்கள். காய்ச்சலுக்கு ஆகும் என்று பார்த்தார்கள். அதைக் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை போகிறது என்பது 1880-களில் தெரியவந்தது. அப்படியே குடித்தால் வயிற்றுப்போக்கு, உடம்பிலும் சேராது. அதைத் திருத்தித் திருத்தி மாத்திரையாக்க நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

வடிகட்டப்பட்ட சர்க்கரையைத் திரும்ப ரத்தத்துக்குள் இழுக்கும் ஒரு பம்ப் சிறுநீரகக் குழாயின் தொடக்கத்தில் இருக்கிறது. அது சர்க்கரையோடு உப்பையும் சேர்த்தே இழுக்கும். மாத்திரை அந்தப் பம்பை அடைக்கிறது. இழுக்கப்படாத உப்பு குழாயில் கீழே இறங்கிப் போகிறது. அங்கே ஒரு காவலாளிச் செல் கூட்டம் இருக்கிறது. வரும் உப்பைப் பார்த்து "மேலே அளவுக்கு மீறி வடிகட்டுகிறார்கள் போல" என்று முடிவுசெய்து, உள்ளே வரும் ரத்தக் குழாயைச் சுருக்கச் சொல்கிறது. வடிகட்டிக்குள் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் வடிகட்டும் வேகம் கொஞ்சம் குறையும். வேகம் குறைந்தால் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும். உங்கள் 2.1 அதுதான். மருந்து வேலை செய்யாததால் வந்த எண் அல்ல, வேலை செய்ததால் வந்த எண். நிறுத்தினால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும், அழுத்தமும் கூடவே திரும்பும்.

இது சிறுநீரகத்துக்கு நல்லது என்பதை யாரும் திட்டமிட்டுக் கண்டுபிடிக்கவில்லை. 2008-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, சர்க்கரைக்கு வரும் ஒவ்வொரு புது மருந்தும் இதயத்துக்குக் கெடுதல் செய்யாது என்று நிரூபிக்க வேண்டும் என்றது. அந்தக் கட்டாயத்துக்காக, அப்பாவின் மாத்திரையின் குடும்பத்தைச் சேர்ந்த எம்பாக்லிஃப்ளோசினை 7,020 பேரை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். 2015-ல் முடிவு வந்தபோது, கெடுதல் இல்லை என்பதைத் தாண்டி, இதய நோயால் இறப்பது 38 சதவீதம் குறைந்திருந்தது. கூடவே, சிறுநீரகம் கெடுவதும் குறைந்திருந்தது அடுத்த வருடம் தெரிந்தது. சர்க்கரை குறைந்ததால் என்று சொல்ல முடியாது, அது அப்படியொன்றும் குறையவில்லை. அப்படியானால் சர்க்கரை இல்லாதவருக்குக் கொடுத்தால் என்ன என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது.

பதில் 2020-ல் வந்தது. டாப்பா-சிகேடி என்ற ஆய்வில் 4,304 பேர். மூன்றில் ஒருவருக்குச் சர்க்கரை நோயே கிடையாது. ஏறக்குறைய எல்லோரும் டெல்மிசார்டன் வகை மருந்து ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தவர்கள், உங்கள் அப்பாவைப் போல. பாதிப் பேருக்கு டபாக்லிஃப்ளோசின், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. சிறுநீரகச் செயல்பாடு பாதிக்கு மேல் விழுவது, டயாலிசிஸ் வரை போவது, சிறுநீரக அல்லது இதயக் காரணத்தால் மரணம், இவை எல்லாம் சேர்த்து வெற்று மாத்திரைக்காரர்களில் 14.5 சதவீதம், மருந்துக்காரர்களில் 9.2 சதவீதம். சர்க்கரை இருப்பவர், இல்லாதவர் இருவருக்கும் பலன். இதைத் தொடர அவசியமில்லை என்று கண்காணிப்புக் குழுவே சொல்லி, ஆய்வை முன்கூட்டி நிறுத்தினார்கள். அதில் ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி என்ற நோயுள்ள 270 பேர் இருந்தார்கள். நம் ஊரில் இளவயதுக்காரர்களைக் கொண்டுபோகும் நோய் அது. அவர்களில் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 20 பேருக்குப் பாதிப்பு, மருந்து எடுத்தவர்களில் 6 பேருக்கு. பிறகு 6,609 பேரை வைத்து எம்பா-கிட்னி ஆய்வு, அதிலும் பாதிப்பேருக்கு மேல் சர்க்கரை இல்லாதவர்கள், அதே திசையில் முடிவு.

நீங்கள் பயந்த அந்த இறக்கம் டாப்பா-சிகேடி ஆய்விலேயே இருக்கிறது. முதல் இரண்டு வாரத்தில் மருந்துக்காரர்களுக்குச் சராசரியாக 4 புள்ளி இறங்கியது. வெற்று மாத்திரைக்காரர்களுக்கு 0.8. அப்பாவுக்கும் நான்குதான். அதற்குப் பின் நடந்ததுதான் விஷயம். மருந்துக்காரர்கள் வருடத்துக்கு 1.67 புள்ளி வீதம் இழந்தார்கள், மற்றவர்கள் 3.59 வீதம். ஒரு தாளில் கோடு போட்டுப் பாருங்கள். மாத்திரை இல்லாத கோடு 39-ல் ஆரம்பித்துச் செங்குத்தாக இறங்கும். மாத்திரைக் கோடு 35-ல் ஆரம்பித்து மெதுவாக இறங்கும். சுமார் இரண்டு வருடத்தில் இரண்டும் வெட்டிக்கொள்ளும். டயாலிசிஸ் பற்றிப் பேச ஆரம்பிக்கும் 15-ஐ முதல் கோடு ஏழு வருடத்துக்குள் தொடும், இரண்டாவது பன்னிரண்டில் தொடும். இது அந்த ஆய்வின் சராசரி. அதில் இருந்தவர்கள் சிறுநீரில் புரதம் நிறையப் போனவர்கள், பெரும்பாலும் சர்க்கரைக்காரர்கள். உங்கள் அப்பா சராசரி ஆள் அல்ல, எந்த அப்பாவும் அல்ல. ஆனால் மூன்றாவது வாரத்து எண்ணை வைத்து முடிவெடுத்தால் எந்தக் கோட்டில் போய் நிற்போம் என்பதற்காகச் சொன்னேன்.

இறக்கம் எல்லாமே நல்ல இறக்கம் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கிரியேட்டினின் 30 சதவீதத்துக்கு மேல் ஏறினால், அதாவது அப்பாவுக்கு 2.5 மாதிரி வந்திருந்தால், நாங்கள் தேட ஆரம்பிப்போம். நீர்ச்சத்து வற்றியிருக்கிறதா, சிறுநீர் பிரியும் மாத்திரை அதிகமா, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பா, வேறு ஏதாவது உள்ளே போகிறதா. உங்களுடையது பத்து சதவீத ஏற்றம்.

மெடிக்கல் ஷாப்காரர் கேட்டதில் தப்பில்லை. மருந்து கடைக்கு வந்ததே சர்க்கரை மருந்தாகத்தான். சர்க்கரை இல்லாதவருக்கு இது லோ-சுகர் ஆக்குமா என்றால், பொதுவாக ஆக்காது. ரத்தத்தில் சர்க்கரை குறைவாக இருந்தால் வடிகட்டப்படுவதும் குறைவு, ஈரலும் ஈடுகட்டிவிடும். ஆனால் சிறுநீரில் சர்க்கரை போகும் என்பதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று, அரிப்பு வரலாம். பெரியவர்கள் இதை மகனிடம் சொல்ல மாட்டார்கள், ரிங்வார்ம் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டிருப்பார்கள். நீங்களே கேளுங்கள். கழுவித் துடைத்து உலர வைத்துக்கொண்டால் பெரும்பாலும் வராது. நாளைக்கு யாராவது சிறுநீர் டெஸ்ட் எடுத்து "சுகர் நாலு ப்ளஸ்" என்று சொன்னாலும் பதறாதீர்கள், மாத்திரை அதைத்தான் செய்கிறது. விலையும் இப்போது ஒரு தடையில்லை. டபாக்லிஃப்ளோசினின் காப்புரிமை 2020-லும் எம்பாக்லிஃப்ளோசினுடையது 2025 மார்ச்சிலும் இந்தியாவில் முடிந்துவிட்டதால் பல கம்பெனிகள் தயாரிக்கின்றன.

உங்கள் கடிதத்தில் ஒரு எண் இல்லை. கிரியேட்டினின் இருக்கிறது, யூரியா இருக்கிறது, யூரிக் ஆசிட் இருக்கிறது, ஸ்கேன் இருக்கிறது. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் எவ்வளவு போகிறது என்பது இல்லை. மஞ்சப்பை நிறைய ரிப்போர்ட்டோடு வருவார்கள்; பத்து வருடத்து ரத்த டெஸ்ட் அடுக்கடுக்காக இருக்கும்; இந்த ஒரு சிறுநீர் டெஸ்ட் மட்டும் ஒரு தரம்கூட எடுத்திருக்க மாட்டார்கள். காலைச் சிறுநீரில் கொஞ்சம் பிடித்துக் கொடுத்தால் போதும். ஏ.சி.ஆர். என்று கேளுங்கள், ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு எவ்வளவு அல்புமின் போகிறது என்ற கணக்கு அது. கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 300-ஐத் தாண்டினால் வடிகட்டி ஒழுகுகிறது. கிரியேட்டினின் இதுவரை எவ்வளவு போய்விட்டது என்று சொல்கிறது. அல்புமின், இனி எவ்வளவு வேகமாகப் போகப்போகிறது என்று சொல்கிறது. ஒரு நோயாளியின் மனைவி என்னிடம் சொன்னார்: "ரெண்டு வருசமா இவர் போயிட்டு வந்தா சோப்புத்தூள் கொட்டுன மாதிரி நுரை நிக்குதுங்க, தண்ணி ஊத்தினாலும் போகல." கிரியேட்டினின் ஏறுவதற்கு ரெண்டு வருடம் முன்பே அந்த அம்மாள் நோயைக் கண்டுபிடித்துவிட்டார். கேட்கத்தான் ஆளில்லை.

இந்த டெஸ்ட்டுக்குப் பெரிய லேப் வேண்டியதில்லை என்பதைத் தமிழ்நாட்டில் ஒருவர் எப்போதோ காட்டிவிட்டார். சென்னையின் மூத்த சிறுநீரக மருத்துவர் டாக்டர் எம்.கே. மணி, கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் 1990-களின் பிற்பகுதியில் சென்னையை ஒட்டிய கிராமங்களில் ஒரு திட்டம் நடத்தினார். பள்ளிப் படிப்பு முடித்த அந்த ஊர்ப் பெண்களே வீடு வீடாகப் போய் பி.பி. பார்த்தார்கள். சிறுநீரில் சல்ஃபோசாலிசிலிக் அமிலம் சில துளி விடுவார்கள். புரதம் இருந்தால் பால் சிந்தின மாதிரி கலங்கும். கலங்கியவர்களுக்கும் பி.பி., சர்க்கரை உள்ளவர்களுக்கும் மிக மலிவான பழைய மாத்திரைகளைக் கொடுத்துத் தொடர்ந்து பார்த்துக்கொண்டார்கள். டயாலிசிஸ் மெஷின் எத்தனை வாங்கினோம் என்று கணக்குச் சொல்லும் காலத்தில், அந்தக் கலங்கிய சோதனைக் குழாயை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அப்பா விவசாயி என்றதால் இன்னொன்று. இருபது வருட பி.பி.யால்தான் சிறுநீரகம் கெட்டது என்று எழுதியிருப்பார்கள். இருக்கலாம். சிறுநீரகம் கெட்டதால் பி.பி. வந்ததாகவும் இருக்கலாம், இருபது வருடம் கழித்துப் பார்க்கிறவருக்கு எது முன்னது என்று பிரித்துச் சொல்ல முடியாது. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும், இலங்கையின் அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்து நெல்வயல்களிலும், ஆந்திராவின் உத்தானத்திலும், சர்க்கரையோ பி.பி.யோ இல்லாத உழைப்பாளிகளுக்குச் சிறுநீரகம் செயலிழப்பதைப் பல வருடமாக ஆராய்கிறார்கள். தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட விவசாயத் தொழிலாளர்களைச் சோதித்து 2025-ல் வந்த ஆய்வில் சுமார் 5 சதவீதம் பேருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு வழக்கமான காரணம் எதுவும் இல்லை. வெயிலில் உடம்பு திரும்பத் திரும்ப வற்றுவது, பூச்சிமருந்து, தண்ணீர் என்று பல சந்தேகங்கள் உண்டு. வெயிலில் நிற்கிறவர் தண்ணீரும் நிழலும் இல்லாமல் வேலை செய்யக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதற்காக வீட்டில் உட்கார்ந்திருப்பவர் செம்பு செம்பாகக் குடித்தால் "கிட்னி கழுவிவிடும்" என்பதும் இல்லை. கனடாவில் 631 நோயாளிகளில் ஒரு பாதிக்கு அதிகம் தண்ணீர் குடிக்கச் சொல்லி ஒரு வருடம் பார்த்தார்கள். 2018-ல் முடிவு வந்தது. சிறுநீர் அதிகம் போனதே தவிர சிறுநீரகத்தின் இறக்கத்தில் வித்தியாசமில்லை.

புதிதாக வேறென்ன என்று கேட்டீர்கள். ஃபினரினோன் என்று ஒரு மாத்திரை. 2020-ல் வந்த ஆய்வில் 5,700 பேர், பாதிப்பு 18 சதவீதம் குறைந்தது. வாராந்திர ஊசியான செமாக்லுடைடு. 2024-ல் 3,533 பேர், 24 சதவீதம். இரண்டு ஆய்வுகளும் முழுக்கச் சர்க்கரை நோயாளிகள் மீது நடந்தவை, அதனால் அப்பாவுக்கு இப்போது நேரடியாகப் பொருந்தாது. ஒவ்வொன்றாகச் சேர்க்காமல் ஃபினரினோனையும் எம்பாக்லிஃப்ளோசினையும் முதல் நாளே சேர்த்துக் கொடுத்தால், சிறுநீரில் போகும் அல்புமின் பாதியாகக் குறைகிறது என்று 2025-ல் காட்டியிருக்கிறார்கள். பி.பி.க்கு இரண்டு மூன்று மாத்திரை சேர்ப்பது போலச் சிறுநீரகத்துக்கும் சேர்க்கும் காலம் வந்துவிட்டது.

இனிமேல் எழுதுவதுதான் அப்பாவுக்கு மிக அவசியம். நாள்பட்ட நோய் மெதுவாக இறங்கும் சரிவு என்றால், திடீர்ச் சிறுநீரகக் காயம் என்பது கிணற்றில் விழுவது. இரண்டு நாளில் கிரியேட்டினின் 0.3 ஏறினாலே, அல்லது ஒரு வாரத்தில் ஒன்றரை மடங்கானாலே அதை அப்படி அழைக்கிறோம். கண்ணாடி விரியன் கடி, எலிக்காய்ச்சல், கடும் வயிற்றுப்போக்கு என்று எங்கள் வார்டுக்கு வருவது பல விதம். ஆனால் உங்கள் அப்பா மாதிரி ஆளுக்கு நான் பயப்படுவது பாம்புக்கு அல்ல, செட்டு மாத்திரைக்கு. அறுவடை முடிந்து முட்டி வலி என்று கடைக்குப் போனால் சின்ன காகிதப் பொட்டலத்தில் நாலு கலர் மாத்திரை தருவார்களே, அதற்கு. அதில் பெரும்பாலும் டைக்ளோஃபினாக் மாதிரி ஒன்று இருக்கும். டெல்மிசார்டன் வெளியேறும் குழாயை அகலமாக்கி வைத்திருக்கிறது. புது மாத்திரை வரும் குழாயைக் கொஞ்சம் சுருக்கி வைத்திருக்கிறது. வலி மாத்திரை வரும் குழாயை இன்னும் நெருக்கும். இதோடு இரண்டு நாள் வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் வடிகட்டியில் அழுத்தமே இருக்காது. சாதாரண ஆளுக்குத் தாங்கும். இ.ஜி.எஃப்.ஆர். 35-ல் நிற்கிறவருக்குத் தாங்காது. வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

ஆகவே வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் வந்து சாப்பாடு இறங்காத நாட்களில் டபாக்லிஃப்ளோசினை நிறுத்திவைத்து, சாப்பிட ஆரம்பித்து ஒன்றிரண்டு நாளில் திரும்பத் தொடங்கவேண்டும். டெல்மிசார்டனையும் அந்த நாட்களில் நிறுத்தலாமா என்பதை உங்கள் மருத்துவரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆபரேஷன் எதுவானாலும், கண்புரை தவிர பட்டினி போட்டுச் செய்யும் எதற்கும், மூன்று நாள் முன்பே டபாக்லிஃப்ளோசினை நிறுத்தச் சொல்ல வேண்டும். சாப்பாடில்லாத உடம்பில் அது ரத்தத்தில் அமிலம் சேர வைக்கும். சர்க்கரை அளவு சாதாரணமாகவே காட்டும் என்பதால் டாக்டர்களே ஏமாந்துவிடுவார்கள்.

திடீர்க் காயத்தில் ஆராய்ச்சி நிலவரம் அவ்வளவு தெம்பானதில்லை. அது வந்துவிட்டால் திருப்பும் மாத்திரை இன்றும் கிடையாது. செய்யாமல் இருக்கவேண்டியவற்றைத்தான் அதிகம் கற்றிருக்கிறோம். ஆஞ்சியோவுக்கு முன் சிறுநீரகத்தைக் காக்க அசிட்டைல்சிஸ்டீன் மாத்திரையும் பைகார்பனேட் டிரிப்பும் வருடக்கணக்காகக் கொடுத்தோம். ஐயாயிரம் பேரை வைத்து 2018-ல் வந்த ஆய்வு இரண்டும் வீண் என்றது. ஐ.சி.யூ.வில் கிரியேட்டினின் ஏறியதும் அவசரமாக டயாலிசிஸ் ஆரம்பித்தால் நல்லதா என்று 15 நாடுகளில் சுமார் 3,000 பேரிடம் பார்த்தார்கள். 2020-ல் வந்த விடை: 90 நாளில் இறந்தவர்கள் அவசரப்பட்ட பக்கம் 43.9 சதவீதம், காத்திருந்த பக்கம் 43.7. வித்தியாசமே இல்லை. பிழைத்தவர்களில் டயாலிசிஸை விட முடியாமல் போனவர்கள் அவசரப்பட்ட பக்கம் 10.4 சதவீதம், காத்திருந்த பக்கம் 6. காத்திருந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் டயாலிசிஸே தேவைப்படவில்லை. "ஏன் சார் இன்னும் மெஷின்ல போடல" என்று உறவினர்கள் கதவைத் தட்டும்போது, நாங்கள் சோம்பேறித்தனத்தால் நிற்கவில்லை என்பதற்கு இதுதான் ஆதாரம்.

ஒரே ஒரு நல்ல சேதி 2024-ல் வந்தது. இதய ஆபரேஷன் செய்துகொண்ட 3,511 பேரில் பாதிப் பேருக்கு அமினோ அமிலக் கரைசலை டிரிப்பாக ஏற்றினார்கள். அவர்களில் 26.9 சதவீதம் பேருக்குச் சிறுநீரகக் காயம், மற்றவர்களில் 31.7. புரதம் உள்ளே போனால் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் கூடும் என்ற பழைய உண்மையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். உங்கள் அப்பாவுக்கு நாங்கள் செய்வதற்கு நேர் எதிர்! வருடக்கணக்கில் தேயும் சிறுநீரகத்துக்குச் சுமையைக் குறைக்கிறோம். மணிக்கணக்கில் ரத்தமில்லாமல் தவிக்கும் சிறுநீரகத்துக்கு ஓட்டத்தைக் கூட்டுகிறார்கள். அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் அப்பாவுக்குப் புரோட்டீன் பவுடர் வாங்கிவிடாதீர்கள்.

மாமாவின் வேருக்கு வருகிறேன். அது என்ன வேர் என்று நீங்கள் எழுதவில்லை, அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் உடல் மெலிய ஒரு கிளினிக்கில் சீன மூலிகை எடுத்த பெண்களுக்குச் சிறுநீரகம் வரிசையாகச் செயலிழந்தது. ஒரு மூலிகைக்குப் பதில் பெயர்க் குழப்பத்தில் அரிஸ்டோலோகியா என்ற செடி கலந்துவிட்டிருந்தது. அந்தக் குடும்பத்துச் செடிகள் நம் ஊரிலும் உண்டு: ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி. சிறுநீரகத்தைச் சுருக்குவதோடு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் தரும். பாதரசம் சேர்ந்த நாட்டு மருந்துகளாலும், முகம் வெளுக்க வைக்கும் சில கிரீம்களாலும் சிறுநீரில் புரதம் கொட்டும் ஒரு நோய் வருவதைச் சென்னை, கேரள மருத்துவர்கள் அண்மையில் எழுதியிருக்கிறார்கள். பலருக்கு அதை நிறுத்தியதும் நோயே அடங்கியிருக்கிறது. மாமாவிடம் சண்டை வேண்டாம். "டாக்டர் மூணு மாசம் ஒரே மருந்தா பார்க்கணும்னு சொல்லிட்டார், நடுவுல வேற எதுவும் கலந்தா கணக்கு தப்பிடும்" என்று என் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள்.

சமையலறையில் ஒரு டப்பாவையும் பாருங்கள். பி.பி.க்கு நல்லது என்று "லோ சோடியம்" உப்பு வாங்கியிருந்தால் எடுத்துவிடுங்கள். அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதில் இருப்பது பொட்டாசியம். டெல்மிசார்டனும் 35-ம் சேர்ந்த இடத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். தினம் இளநீர் குடிக்கும் பழக்கம் இருந்தாலும் பொட்டாசியம் டெஸ்ட் வரும்வரை நிறுத்துங்கள். சாதாரண உப்பையே குறைவாகப் போடுங்கள்; ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் தட்டுக்கு வராமலிருந்தாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்த டெஸ்ட்டை இன்னும் மூன்று நான்கு வாரத்தில் அதே லேபில் எடுங்கள். முதல் நாள் ராத்திரி கறி வேண்டாம். கிரியேட்டினின், பொட்டாசியம், காலைச் சிறுநீரில் ஏ.சி.ஆர். மூன்றும். எண்கள் வந்ததும் இங்கே எழுதுங்கள், பார்க்கிறேன். கிரியேட்டினின் 2.0-க்கும் 2.2-க்கும் நடுவில் எங்கே நின்றாலும் எனக்குக் கவலையில்லை. நான் முதலில் பார்க்கப்போவது அந்த மூன்றாவது எண்ணை.